டப்பாவில் கிடக்கும் பழைய காசு என்ன உலோகம்? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

கேள்வி இதுதான்: தாத்தா காலத்து டப்பா ஒன்றில் பழைய காசுகளும் இன்றைய சில்லறையும் கலந்து கிடக்கின்றன. எது வெள்ளி, எது நிக்கல், எது வெறும் எவர்சில்வர் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? உரசிப் பார்க்கலாமா, ஆசிட் விடலாமா?

முடியும். உரச வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். ஒரு காந்தம், நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு (0.01 கிராம் வரை காட்டுவது), ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு காசுகளுக்கு விடை கிடைத்துவிடும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் அதைத் தவறவிடுகிறார்கள்: காசின் மேல் இருக்கும் வருஷத்தைப் படியுங்கள். அரசாங்கம் எந்த வருஷம் எந்த உலோகத்தில் அடித்தது என்பது அறிவிக்கப்பட்ட விஷயம், அதில் ரகசியம் எதுவும் இல்லை. வருஷமும் மதிப்பும் தெரிந்தால் பாதிக் கேள்வி முடிந்தது. மற்ற சோதனையெல்லாம் அதைச் சரிபார்க்கவும், வருஷம் தேய்ந்துபோன காசுக்கும், போலிக்கும்தான்.

முதலில் எல்லோருக்கும் ஆசை உள்ள வெள்ளியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் புழக்கத்துக்கென்று அடித்த வெள்ளிக் காசு 1945-உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கை மாறிய சில்லறையில் வெள்ளி கிடையாது. நேரு தலை போட்ட 1964 ரூபாயை வெள்ளி என்று பத்திரமாக முடிந்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம், அது நிக்கல். 1969 காந்தி ஒரு ரூபாயும் நிக்கல்தான். ஆனால் அதே காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் 80 சதவீதம் வெள்ளி, எடை 15 கிராம். ஒரே தலை, ஒரே வருஷ வரிசை, உலோகம் வேறு, அதனால்தான் இந்தக் குழப்பம்.

பிரிட்டிஷ் காலத்து ரூபாயில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயெல்லாம் 91.7 சதவீத வெள்ளி, எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. யுத்தம் வந்து வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஆனதும் 1940-இல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள்: 50 சதவீதம் வெள்ளி, 40 செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. எடை அதே 11.66. பிறகு 1947-இல் புலி போட்ட ரூபாய், முழு நிக்கல், அதுவும் 11.66 கிராம்தான்! மூன்று வேறு உலோகம், ஒரே எடை, ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றிலும் ஒரு ராஜா தலை. எடை போட்டு மட்டும் பார்த்தவர் ஏமாறத்தான் செய்வார். இதற்குத்தான் காந்தமும் தண்ணீரும்.

காந்தம் என்றால் ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தம் போதாது. பழைய ஸ்பீக்கரில் இருப்பதோ, கடையில் கிடைக்கும் சின்ன நியோடிமியம் காந்தமோ வேண்டும். நியோடிமியத்தை வெறுமனே விட்டால் படாரென்று பாய்ந்து காசில் வடு போட்டுவிடும், ஒரு காகிதத்தில் சுற்றிக்கொள்ளுங்கள். நம் காசுகளில் காந்தத்துக்கு ஒட்டுவது இரண்டே ரகம்: தனி நிக்கல், எவர்சில்வர். செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை நிறக் காசு (75 சதவீதம் செம்பு, 25 நிக்கல், குப்ரோநிக்கல் என்பார்கள்) ஒட்டாது. நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்துக்கு இழுபடும், அவ்வளவு செம்பைச் சேர்த்ததும் அறை வெப்பத்தில் அந்தக் குணம் போய்விடும். வெள்ளி, பித்தளை, வெண்கலம், அலுமினியம் எதுவும் ஒட்டாது.

இங்கே ஒரு சந்தேகம் வரும்: சமையலறை எவர்சில்வர் தட்டில் காந்தம் ஒட்டுவதில்லையே, எவர்சில்வர் காசில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? தட்டு, குடம் செய்கிற எவர்சில்வரில் குரோமியத்தோடு நிக்கலோ மாங்கனீசோ சேர்ப்பார்கள், அதனால் இரும்பின் அணு அடுக்கே மாறி காந்தம் ஒட்டாத எஃகாகிவிடுகிறது. காசு அடிக்கும் எஃகில் இரும்பும் 17, 18 சதவீத அளவுக்குக் குரோமியமும்தான், நிக்கல் கிடையாது. இதற்கு ஃபெரிட்டிக் வகை என்று பெயர். இண்டக்‌ஷன் அடுப்புக்கென்று விற்கும் பாத்திரத்தின் அடித்தகடும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். நிக்கல் இல்லாததால் விலை குறைவு, துருவும் அவ்வளவு எளிதில் பிடிக்காது. 1988-இல் 10, 25, 50 பைசாவையும் 1992-இல் ஒரு ரூபாயையும் இதற்கு மாற்றியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

காந்தம் எவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கொடுக்கும் என்பதற்கு எட்டணா நல்ல உதாரணம். 1964 முதல் 1971 வரையுள்ள 50 பைசா நிக்கல், 5 கிராம், 24 மில்லிமீட்டர். 1972 முதல் குப்ரோநிக்கல், அதுவும் 5 கிராம், 24 மில்லிமீட்டர். அடர்த்தியும் (ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 8.9. தராசும் தண்ணீரும் இங்கே உதவாது, காந்தம் ஒரு நொடியில் சொல்லிவிடும். நாலணாவும் அப்படியே, இரண்டுமே 2.5 கிராம், 19 மில்லிமீட்டர். 1988-க்குப் பின் காண்டாமிருகம் போட்டு வந்த நாலணா எவர்சில்வர், அது ஒட்டும், ஆனால் எடை 2.83 கிராம். ஒரு ரூபாயில் 1962 மற்றும் 1970–74 காலத்துப் பெரிய காசு நிக்கல், 10 கிராம். 1975 முதல் அதே 28 மில்லிமீட்டர் அகலத்தில் குப்ரோநிக்கல், 8 கிராம். 1983-இல் 6 கிராமுக்கு இறங்கியது. 1992-இல் எவர்சில்வர் ஆனபோது 4.85, 2011-இல் 3.79, 2019-இல் வந்த புது வரிசையில் 3.09. ரூபாயின் மதிப்பு இளைத்த கதையை ரூபாய்க் காசே தன் உடம்பில் காட்டுகிறது.

இரண்டு ரூபாயில் பதினொரு மூலை உள்ள பழையது குப்ரோநிக்கல், ஒட்டாது. 2005-க்குப் பின் வந்த வட்டக் காசு எவர்சில்வர், ஒட்டும். ஐந்து ரூபாயில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். 1992-இலிருந்து வந்த தடித்த காசு குப்ரோநிக்கல், 9 கிராம், விளிம்பில் சின்னப் பள்ளம் ஓடும். 2007, 2008-இல் மெல்லிசாக ஒரு எவர்சில்வர் ஐந்து ரூபாய் வந்தது, 6 கிராம், ஒட்டும். 2009-இலிருந்து மஞ்சள் நிற நிக்கல் பித்தளை, அதுவும் 6 கிராம், ஒட்டாது.

சரி, தண்ணீர்ச் சோதனை. இதுதான் என் கருத்தில் இருப்பதிலேயே நம்பகமானது, செலவும் இல்லை. முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் தண்ணீர் உள்ள தம்ளரை வைத்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். மொத்த எடை தராசின் வரம்பைத் தாண்டாத அளவுக்குச் சின்னத் தம்ளராக இருக்கட்டும். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டு முழுதாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியில் படக்கூடாது, பக்கத்திலும் இடிக்கக்கூடாது. நூல் உங்கள் கையில் இருந்தாலும் தராசு ஒரு எண்ணைக் காட்டும். அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அந்த எண்தான் காசின் கன அளவு. உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. காசின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குக் கெடும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் நிற்காது. காசு அடியைத் தொட்ட அடுத்த நொடி எண் குபீரென்று ஏறி முழு எடைக்குப் போய்விடும், அப்படி ஏறினால் தூக்கிப் பிடித்து மறுபடி பாருங்கள்.

இப்போது அந்த 11.66 கிராம் ரூபாய்களுக்கு வருவோம். 91.7 சதவீத வெள்ளியாக இருந்தால் தண்ணீரில் சுமார் 1.13 காட்டும். யுத்த காலத்துப் பாதி வெள்ளி என்றால் 1.22. நிக்கல் என்றால் 1.31. தேய்மானத்தில் எடை சிறிது குறைந்திருக்கும், அதனால் இந்த எண்களை அப்படியே எதிர்பார்க்காமல் வகுத்து வரும் அடர்த்தியைப் பாருங்கள்: 10.3 பக்கம் வந்தால் நல்ல வெள்ளி, 9.5 பக்கம் பாதி வெள்ளி, 8.9 நிக்கல். எட்டரை, எட்டு என்று இறங்கினால் வெள்ளிப் பூச்சுப் போட்ட பித்தளைப் போலி என்று சந்தேகிக்கலாம். மற்ற உலோகங்களுக்கு ஞாபகத்தில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: அலுமினியக் காசு 2.7 அளவு, எவர்சில்வர் 7.7, நிக்கல் பித்தளை 8.6 அருகில், வெண்கலம் 8.8, குப்ரோநிக்கல் 8.9.

சின்னக் காசில் இந்தச் சோதனை தடுமாறும். 2.5 கிராம் நாலணா விலக்கும் தண்ணீர் 0.28 கிராம்தான், தராசு 0.01 தவறினாலே அடர்த்தியில் 0.3 மாறிவிடும், பித்தளையா குப்ரோநிக்கலா என்று சொல்ல முடியாது. ஒரே வருஷ, ஒரே ரகக் காசு பத்தைச் சேர்த்துக் கட்டி ஒன்றாக மூழ்கவிட்டால் பிழை பத்தில் ஒன்றாகிவிடும். அலுமினியத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. சதுர ஐந்து பைசா, பூ விளிம்புப் பத்து பைசா, ஆறு மூலை மூன்று பைசா எல்லாம் உள்ளங்கையில் வைத்ததுமே தெரியும், கொஞ்சம் மக்னீசியம் சேர்த்த அலுமினியம், ஐந்து பைசா முழுசாக ஒன்றரைக் கிராம்தான்.

நிறத்தை நம்பலாமா என்றால், பாதிதான் நம்பலாம். கை அழுக்கும் புகையும் எல்லாக் காசையும் ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அழுக்கின் ரகத்தைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். வெள்ளை நிறக் காசின் எழுத்து இடுக்குகளில் பச்சையாகக் களிம்பு கட்டியிருந்தால் அதில் செம்பு இருக்கிறது, ஆக அது குப்ரோநிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். தனி நிக்கலிலும் எவர்சில்வரிலும் அந்தக் களிம்பு வராது. வெள்ளி கறுக்கும், விளிம்பில் நீலமும் ஊதாவும் கலந்த கறுப்பு, அது காற்றில் உள்ள கந்தகத்தின் வேலை. பாதி வெள்ளி ரூபாயில் கறுப்பும் சில சமயம் பச்சையும் சேர்ந்தே இருக்கும், நாற்பது சதவீதம் செம்பாயிற்றே. அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ஓட்டைக் காலணா வெண்கலம், அது சாக்லேட் பழுப்பில் இருப்பதுதான் இயல்பு.

அதனால்தான் சொல்கிறேன், சோதிப்பதற்கு முன் புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்பு போனால் ஒரு தடயம் போயிற்று. அதைவிட மோசம், பித்தளைக் காசைப் புளியில் ஊறவைத்தால் மேல்பரப்பில் இருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நின்று காசு செக்கச் சிவந்து தெரியும், பார்ப்பவர் செம்புக் காசு என்று முடிவு கட்டிவிடுவார். சேகரிப்பவர்கள் தேய்த்த காசை வாங்கவும் தயங்குவார்கள். வெறும் தண்ணீரும் சோப்பும் போதும், பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

1942-இலிருந்து 1945 வரையுள்ள ஓரணா, இரண்டணாக்கள் மட்டும் நிறத்தாலேயே பிடிபடும். யுத்தத்துக்கு நிக்கல் தேவைப்பட்டதால் வழக்கமான குப்ரோநிக்கலை நிறுத்திவிட்டு மஞ்சளான நிக்கல் பித்தளையில் அடித்தார்கள். வடிவம் அதே, நிறம் மட்டும் வேறு. காலணாவில் ஓட்டை போட்டதும் அதே யுத்தத்தின் போது, உலோகத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

சத்தம் பழைய முறை. சந்தையில் ரூபாயைக் கல்லில் சுண்டிப் பார்த்து வாங்கிய காலம் உண்டு. வெள்ளி கணீரென்று நீண்டு ஒலிக்கும், ஈயம் கலந்த கள்ளக் காசு தப்பென்று அடங்கிவிடும். இப்போதும் செய்யலாம், ஆனால் தரையில் போட வேண்டாம். விரல் நுனியில் காசை நிறுத்தி இன்னொரு காசின் விளிம்பால் மெதுவாகத் தட்டுங்கள். விரிசல் விட்ட நல்ல வெள்ளியும் தப்பென்றுதான் ஒலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இன்னொன்று, நியோடிமியம் காந்தத்தைச் சாய்த்துப் பிடித்த காசின் மேல் நழுவ விடுவது. நல்ல வெள்ளியில் அது ஒட்டாமலேயே தயங்கித் தயங்கி இறங்கும், குப்ரோநிக்கலில் சரேலென்று விழும். வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் காந்தம் நகரும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்த்துப் பிடிக்கிறது. குப்ரோநிக்கல் படு மோசமான கடத்தி.

அயல்நாட்டுக் காசு கலந்திருந்தால் விளிம்பைப் பாருங்கள். பிரிட்டனின் ஒரு பென்னி 1992-இலிருந்து இரும்பின் மேல் செம்பு பூசியது, பார்த்தால் செம்பு, காந்தத்தில் ஒட்டும். அமெரிக்க ஒரு சென்ட் 1982-இல் செம்பிலிருந்து துத்தநாகத்துக்கு மாறியது, 3.11 கிராம் இருந்தது 2.5 ஆனது, மேலே செம்பு வெறும் தோல். அவர்களுடைய கால் டாலரின் விளிம்பில் செம்புக் கோடு ஓடுவது நடுவில் செம்பு வைத்து இருபுறமும் குப்ரோநிக்கல் தகடு ஒட்டியிருப்பதால். இப்படி அடுக்காகச் செய்த காசில் தண்ணீர்ச் சோதனை சராசரியைத்தான் சொல்லும். நம் 20 ரூபாயும் இரட்டை உலோகம்தான்: பன்னிரண்டு மூலை வெளி வளையம் 65 சதவீதம் செம்பு, 15 துத்தநாகம், 20 நிக்கல், பெயர் நிக்கல் சில்வர், வெள்ளி துளியும் இல்லை, நடுவில் மஞ்சளாக இருப்பது 75 செம்பு, 20 துத்தநாகம், 5 நிக்கல்.

வதந்திகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவில் தங்கம் இருக்கிறது என்பது பழைய கதை. பூஜைக்குச் சேர்த்து வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அது செம்பை வைத்துச் செய்த மஞ்சள் கலவை, தங்கம் கடுகளவும் இல்லை. தங்கம் கலந்திருந்தால் தண்ணீர்ச் சோதனையில் அடர்த்தி தூக்கிக் காட்டியிருக்கும், தங்கத்தின் அடர்த்தி 19.3 அல்லவா. ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று வருஷம் போட்டிருக்கும் “யு.கே.எல். ஒன் அணா” கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதே அல்ல, பிற்காலத்தில் யாரோ அடித்து விட்ட வில்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் என்று ‘ரைஸ் புல்லிங்’ கும்பல் காட்டுவதெல்லாம் அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காசுக்குள்ளோ அடியிலோ காந்தத்தை ஒளித்து வைக்கிற வித்தை. இரிடியம் காந்தத்துக்கும் இழுபடாது, அரிசியையும் இழுக்காது. வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து, பத்து ரூபாய்க்கு லட்சம் தருகிறேன் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக நடக்கும் மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது.

நம் காசைப் பக்கத்து நாட்டுக்குக் கடத்தி ஷேவிங் பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்தி வந்தது. கடத்தல் நடந்திருக்கலாம். ஆனால் ஃபெரிட்டிக் எஃகைக் காய்ச்சித் தோய்த்து கூர் நிற்கும்படி கடினமாக்க முடியாது, பிளேடுக்குக் கார்பன் வேண்டும், அதனால் பிளேடு என்ற பகுதி எனக்குச் சந்தேகம்தான். உலோக விலை ஏறும்போது குப்ரோநிக்கல் காசை உருக்குவதில் லாபம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், பழைய தடித்த ஐந்து ரூபாயில் மட்டும் 6.75 கிராம் செம்பும் 2.25 கிராம் நிக்கலும் இருக்கிறது. அந்த யோசனை உங்களுக்கு வந்தால் விட்டுவிடுங்கள்: நாணயங்கள் சட்டம், 2011-இன்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. அரத்தால் ராவி உள்ளே என்ன என்று பார்ப்பதை நான் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு காசு பிடிபடவில்லை என்றால் நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியில் காட்டலாம், காசுக்குச் சேதம் வராது, சில நிமிஷத்தில் சதவீதம் வந்துவிடும். அது மேல்பரப்பின் மிக மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது, பூச்சுப் போட்ட போலியை வெள்ளி என்றே சொல்லிவிடும். ஆகவே போகும்போது நீங்கள் எடுத்த அடர்த்திக் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கருவி 90 சதவீதம் வெள்ளி என்றும் உங்கள் கணக்கு 8.5 என்றும் சொன்னால் நம்ப வேண்டியது உங்கள் தம்ளரைத்தான்.